எங்க எழுதியிருக்கு, காட்டு

எங்கள் காலத்துப் பள்ளிக்கூடங்களில் துணைப்பாடத்துக்கு ஒரு மரியாதையும் கிடையாது. செய்யுளுக்கு மனப்பாடப் பகுதி உண்டு. உரைநடைக்கு வினா விடை உண்டு. இலக்கணத்துக்குப் பிரம்பே உண்டு. துணைப்பாடம் என்பது வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எவனாவது ஒருவன் எழுந்து நின்று சத்தம்போட்டு வாசிக்க, மற்றவர்கள் வேப்பமரத்து நிழல் எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க, மணி அடித்ததும் முடிந்துபோகிற சமாசாரம். பரீட்சைக்கு இருக்கவே இருக்கிறது கோனார் நோட்ஸ். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று உள்தலைப்புப் போட்டுக் கதை அதில் சுருக்கமாகத் தயாராக இருக்கும். அதைப் படித்தவன் கதையைப் படிக்க வேண்டியதில்லை. கதையைப் படித்தவனுக்கு அதனால் கூடுதல் மார்க் விழுந்ததுமில்லை.

அந்தத் துணைப்பாட வகுப்புக்காக வாரம் முழுக்கக் காத்திருந்தோம் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவே இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. எழுபதுகளின் கடைசி. ஓட்டுக் கட்டடம். பெஞ்சு பற்றாததால் முன்வரிசைக்காரர்கள் தரையில் உட்கார வேண்டும். மழை பெய்தால் செருப்பில்லாத கால்களில் அப்பிக்கொண்டு கரிசல் மண்ணும் வகுப்புக்குள் வந்துவிடும். பிள்ளைகளில் பாதிப்பேர் வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடித்துப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். சிலபேர் அதிகாலையில் ஆபீஸுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அவர்கள் உட்கார்ந்த பக்கம் மருந்து வாசனை அடிக்கும்.

தமிழய்யா கதர்ச் சட்டை, நாலு முழ வேட்டி. மடியில் பொடி மட்டை. சைக்கிள் கேரியரில் எப்போதும் கிளை நூலகத்துப் புத்தகம் ஒன்றிரண்டு இருக்கும். பாடப் புத்தகத்துக் கதையைச் சட்டென்று முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்குத் தான் கொண்டுவந்த தொகுதியைத் திறப்பார். கதை முக்கியமான கட்டத்துக்கு வரும்போது நிறுத்தி, மட்டையைத் தட்டி, ஒரு சிட்டிகை எடுத்து, நிதானமாக மூக்கில் ஏற்றுவார். எங்களைத் தவிக்க விடுவதற்கென்றே அதைச் செய்தார் என்று இன்றும் நினைக்கிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். “அவளுக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்லை. சரி. ஆனா அப்படின்னு உனக்கு யாருல சொன்னது? எங்க எழுதியிருக்கு, காட்டு.”

காட்ட வேண்டும். அதுதான் அவர் வகுப்பின் ஒரே சட்டம். பக்கத்தைச் சொல்லி, வரியைச் சொல்லி, விரலை வைத்துக் காட்ட வேண்டும். எழுதியில்லாத ஒன்றைச் சொல்கிறாய் என்றால், எழுதியிருக்கிற எந்த இரண்டு வரியைச் சேர்த்துப் பார்த்து அதைச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும். பதில்களை அவர் மூன்று வகையாகப் பிரிப்பார். ஏட்டில் இருக்கிறது ஒன்று. ஏட்டுக்கு உள்ளே இருக்கிறது இன்னொன்று. மூன்றாவது, “உன் வயித்துக்குள்ள இருக்கு.” தோன்றியதையெல்லாம் அளக்கிறவனுக்கு இந்த மூன்றாவது பட்டம் கிடைக்கும். வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே நாங்கள் வரிகளைத் தேடக் கற்றுக்கொண்டோம்.

அய்யாவுக்கு இடைசெவல் என்றால் தனி மிதப்பு. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிற சின்ன ஊர் அது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அங்கே பிறந்தவர்கள், சிறுவயதுச் சிநேகிதர்கள். அழகிரிசாமி 1970இல் போய்விட்டார், ஐம்பதைக்கூட எட்டவில்லை. ‘அன்பளிப்பு’ தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி பரிசு அறிவித்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் அய்யா தன் வீட்டுச் சாவைச் சொல்வதுபோல் சொல்வார். “நீங்க பஸ்ஸுல தாண்டிப் போற ஊருல. அங்க இறங்கிப் பாருங்க, கதையில வர்ற ஆளுக எல்லாம் அங்கயேதான் நிக்காக” என்பார்.

கி.ரா.வின் ‘கதவு’ கதையை அவர் நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அது பாடத்தில் இல்லை. பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். அப்பா மணிமுத்தாற்றுப் பக்கம் கூலிவேலைக்குப் போனவர், தகவல் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆள்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். அந்த இடத்தில் நிறுத்திப் பொடி போட்டார். “ஏன் கதவைக் கழட்டுனான்?”

தீர்வை பாக்கி என்றோம்.

“அது எனக்கும் தெரியும்ல. பாக்கிக்கு எதை வேணும்னாலும் எடுக்கலாமே. ஏன் கதவு?”

வகுப்பு முழித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், அப்பன் பேரில் ஊரெல்லாம் கடன் இருந்த பையன், எழுந்திருக்காமலேயே சொன்னான்: “பித்தளைக் குடம் இருந்திருந்தா அதைத்தான் அய்யா மொதல்ல தூக்கியிருப்பாக.”

அய்யா புத்தகத்தை மூடிவிட்டார். அந்த வீட்டில் குடம் இல்லை, அண்டா இல்லை, ஆடு இல்லை, நகை இல்லை என்று கதையில் பட்டியல் கிடையாது. கதவைக் கழற்றினார்கள் என்ற ஒரு செய்திதான் உண்டு. அதற்குள் அந்த வீடு முழுவதும் இருக்கிறது. எடுக்கத் தகுந்ததாக மரத்தில் செய்த ஒரு சாமான்தான் மிஞ்சியிருந்தது என்பதை அந்தப் பையன் கண்டுபிடித்தான். கதை படித்துப் பழக்கமில்லாதவன், ஜப்தி பார்த்துப் பழகியவன். பிறகு குளிர் வருகிறது, கைக்குழந்தைக்கு உடம்புக்கு வருகிறது, பிள்ளை போய்விடுகிறது. கதவு போனதால் பிள்ளை போயிற்று என்று கி.ரா. தீர்ப்பு எழுதவில்லை. “கணக்கு வாத்தியார் கூட்டுத்தொகை போட்டுக் குடுப்பாரு. இவரு ரெண்டு எண்ணை எழுதிட்டுப் போயிருவாரு. கூட்டுறது உன் வேலை” என்றார் அய்யா.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைப் பார்த்தேன். வேப்பம் பலகைக் கதவு. கீழ்ப்பக்கம் கறையான் அரித்து, தகரம் வைத்து அடித்திருந்தது. அது ஒரு சொத்து என்று அதுவரை எனக்குப் பட்டதில்லை.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ நடத்தியபோது வேறு ஒரு நிபந்தனை போட்டார். ‘ஏழை’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு கதையைப் படித்த மாதிரி நடிக்கலாம், அது இல்லாமல் நடிக்க முடியாது என்பது அவர் கட்சி. தீபாவளி சமயத்தில், உடம்பெல்லாம் சிரங்கோடு யாருமற்ற ஒரு சிறுவன் அந்த வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறான். தாய் அவனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். தன் பிள்ளைகளுக்குப் புதுத்துணி இருக்கிறது, இவனுக்கு இல்லை. புருஷனுக்கு வைத்திருந்த துண்டைக் கொடுப்பதற்குள் அவளுக்கு ஒரு தயக்கம். அந்தத் தயக்கம் எதற்கு என்று அய்யா கேட்டார்.

மனசு இல்லை என்றான் ஒருவன். அவனுக்கு மூன்றாவது பட்டம் கிடைத்தது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்விட்டு வருகிற பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், எழுந்தாள். “இருக்கப்பட்டவ யோசிக்காமக் குடுத்துருவா அய்யா. இல்ல, யோசிக்காம விரட்டிருவா. ஒண்ணே ஒண்ணு வச்சிருக்கிறவதான் யோசிப்பா.”

அய்யா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு “உக்காரு தாயி” என்றார். அந்தக் கதைக்கு அதைவிடச் சரியான விமர்சனத்தை அப்புறம் பெரிய பெரிய கட்டுரைகளிலும் நான் பார்க்கவில்லை. இதைத் தயங்காமல் சொல்வேன்.

எங்களுக்கு அப்போது துப்பறியும் கதைப் பித்து. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். கல்கண்டு இதழ் கைமாறிக் கைமாறிக் கிழிந்து வரும். புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்த ஒருவனை அய்யா பிடித்தார். அடிக்கவில்லை. வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தாம்ல இருக்கு. ஆனா இதுல துப்பு எங்க இருக்கும்? ஒளிச்சு வச்சிருப்பான். கொலை பண்ணினவன் ஒளிப்பான், எழுதுறவன் அதைவிட ஒளிப்பான். அழகிரிசாமி எதையும் ஒளிக்கலை. எல்லாம் திண்ணையிலயே கெடக்கு. நீதான் பாக்காமத் தாண்டிப் போற” என்றார். ஆடு களவு போனால் மறுநாள் காலையில் தடம் பார்க்க ஒரு கிழவரை அழைத்து வருவார்கள் எங்கள் ஊரில். ஊரே நடந்து போன அதே பாதையில் அவர் ஓர் இடத்தில் நின்று, “இவன் இங்ஙன சுமைய மாத்தியிருக்கான்” என்பார். அந்தக் கிழவரை உதாரணம் காட்டித்தான் அய்யா கதை படிக்கச் சொன்னார். ரெண்டு கால் தடமும் ஒரே ஆழமா இருக்கா பாரு என்பார்.

இதில் ஒரு கிறுக்கும் எங்களைப் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றிலும் துப்புத் தேட ஆரம்பித்துவிட்டோம். ஒரு கதையில் மழை பெய்கிறது. ஆசிரியர் அந்தக் குடும்பத்துக்காக அழுகிறார் என்று நான்தான் அழகாகச் சொன்னதாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன். “ஐப்பசி மாசம் மழை பெய்யாம என்னல செய்யும்?” என்றார். அந்த ஒரு கேள்வி பிற்காலத்தில் பல இலக்கியக் கூட்டங்களில் என் நாக்கு நுனிவரை வந்து திரும்பியிருக்கிறது.

திருக்குறளில் ஒரே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருப்பது குறிப்பறிதலுக்கு மட்டும்தான். 71ஆம் அதிகாரம் ஒன்று, 110ஆம் அதிகாரம் ஒன்று. முதலாவது அரசனின் முகம் பார்த்து நடக்க வேண்டிய அமைச்சனுக்கு, இரண்டாவது அவள் கண்ணைப் பார்த்துத் தவிக்கிற காதலனுக்கு. செய்யுள் வகுப்பில் அதை நடத்திவிட்டு, “மந்திரிக்கும் வேணும், காதலிக்கிறவனுக்கும் வேணும்னு வள்ளுவர் ரெண்டு தடவை எழுதியிருக்காரு. உனக்கு வேண்டாமா?” என்று கேட்டுத் துணைப்பாடத்துக்குத் தாவிவிடுவார். அவர் பாடத்திட்டம் இப்படித்தான் போகும். தலைமையாசிரியருக்குப் பிடிக்காது. பாடம் முடிப்பதில் எப்போதும் பிந்துவார்.

ஒருமுறை கல்வித்துறை அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்து எங்கள் வகுப்பில் உட்கார்ந்தார். துணைப்பாடக் கதை ஒன்றைப் பற்றி ஒரு பையனை எழுப்பி, “இந்தக் கதை உணர்த்தும் நீதி என்ன?” என்று கேட்டார். பையன் புத்தகத்தைப் புரட்டினான். முன்னும் பின்னும் புரட்டினான். கடைசியில் மிகுந்த பணிவோடு, “எங்க எழுதியிருக்குங்கய்யா?” என்றான். அதிகாரி முகம் சிவந்துவிட்டது. எங்கள் அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதிலிருந்து அவர் சிரிக்கிறார் என்று நாங்கள் ஊகித்தோம். விளக்கம் கேட்டு அவருக்குக் கடுதாசி வந்ததாகப் பிறகு பியூன் சொன்னார்.

ஆனாலும் மனிதர் காரியக்காரர். பொதுத்தேர்வு நெருங்கியதும், “இனிமே நோட்ஸைப் படிங்க. முன்னுரை, முடிவுரை, நீதி எல்லாம் எழுதுங்க. திருத்துறவனுக்கு நேரம் கிடையாது” என்று அவரே சொல்லிவிட்டார். மார்க்கைக் கெடுத்து இலக்கியம் வளர்க்கிற ஆள் இல்லை அவர். எங்களுக்கு அந்த மார்க் எவ்வளவு அவசியம் என்று எங்கள் சட்டைகளைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும்.

கு.ப.ரா.வின் ‘விடியுமா?’ கதையை நடத்துவதற்கு முன்னால் கரும்பலகையில் அந்தக் கதையில் வருகிற தந்தியை எழுதிப்போட்டார். இரண்டே சொல்: ஆளின் பெயர் ஒன்று, ஆபத்து என்பதற்கு இங்கிலீஷ் சொல் ஒன்று. அவ்வளவுதான் தந்தி. அதை வைத்துக்கொண்டு அக்காளும் தம்பியும் கும்பகோணத்திலிருந்து பட்டணத்துக்கு ராத்திரி முழுதும் ரயிலில் போகிறார்கள். அந்த இரண்டு சொல்லுக்கு என்னென்ன அர்த்தம் உண்டோ அத்தனையையும் வழிநெடுக நினைத்துப் பார்க்கிறார்கள்.

“அனுப்பினவன் ஏன் இவ்வளவு கஞ்சனா இருந்தான்?” என்று கேட்டார். தந்தியில் சொல்லுக்குக் காசு என்று எங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னோம். வேறு காரணம் இருக்கிறதா என்றார். அப்போதும் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பெண்தான்: “செத்திருந்தாலும் செத்துட்டார்னு தந்தி அடிக்க மாட்டாக அய்யா. வாரவுக வழியில தாங்கணும்லா.”

அது எங்கள் ஊர் அனுபவம். சீரியஸ், உடனே புறப்பட்டு வா என்று தந்தி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். தந்திச் சேவகர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிடுவார்கள். படிக்கத் தெரிந்த பையனைத் தேடுவதெல்லாம் அப்புறம். நானே இரண்டொரு வீட்டில் அப்படித் தந்தி வாசித்திருக்கிறேன். வாசித்து முடிப்பதற்குள் அழுகை எழும்பிவிடும். என் இங்கிலீஷ் சரியா தப்பா என்று யாரும் பார்க்கவில்லை.

2013 ஜூலையில் தந்திச் சேவை இந்தியாவில் முடிந்துபோனது. அதோடு ‘விடியுமா?’ கதையின் சாவி ஒன்றும் தொலைந்துவிட்டது. அண்மையில் என் தம்பி மகளுக்கு அந்தக் கதையைப் படிக்கக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். அந்தத் தந்தியைப் படித்துவிட்டு, ‘ஆபத்து என்றுதானே போட்டிருக்கிறது, அப்படியென்றால் இன்னும் உயிரோடுதான் இருப்பார்’ என்று முடிவு கட்டினாள். எழுதியிருக்கிறதை வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தவறே இல்லை. தந்தி எப்படிப் பொய் சொல்லும் என்பது தந்தியோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எதார்த்தக் கதையில் இது ஒரு தொந்தரவு. புராணக் கதைக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. எதார்த்தமாக எழுதுகிறவன் துப்புகளை வீட்டுச் சாமான்களிலும் கூலியிலும் சாப்பாட்டிலும் வைக்கிறான். எங்கள் பக்கத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் சாப்பாடு, நெல்லுச்சோறு நாள் கிழமைக்குத்தான். ஒரு கதையில் சாதாரண நாளில் ஒரு வீட்டில் நெல்லுச்சோறு பொங்கினால், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். யார் வந்திருக்கிறார்கள், பெண் பார்க்கவா, கடன் கேட்கவா என்று யோசிப்போம். இன்று சோறு சோறுதான், அதில் எந்தச் செய்தியும் இல்லை. இப்போது கம்மங்கஞ்சி பெரிய ஓட்டல்களில் மண்சட்டியில் விற்கிறது. அதைக் குடிக்கிறவரைப் பணக்காரர் என்று ஊகிப்பதுதான் சரி.

அணாவும் அப்படித்தான். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது என்றாலும் எங்கள் காலம் முடியக் கால் ரூபாய் நாலணாதான், அரை ரூபாய் எட்டணாதான். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ கதையை வகுப்பில் நடத்த அய்யாவுக்குத் தைரியம் இருந்திருக்கும், எங்களுக்கு வயது இல்லை. “காலேஜுக்குப் போய்ப் படி” என்று பெயரை மட்டும் சொல்லிவைத்தார். படித்தேன். கடைசியில் ஒரு தொகை வருகிறது, முக்கால் ரூபாய். என்ன நடந்தது என்று ஆசிரியர் விவரிப்பதில்லை. ஜட்கா வண்டிக்காரனின் பெண்டாட்டி, மில்லில் வேலை செய்கிறவள், அடிபட்டுக் கிடக்கிற புருஷனுக்குப் பால் கஞ்சி வேண்டும், இருட்டுச் சந்து, முக்கால் ரூபாய். விடுதி அறையில் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. எங்க எழுதியிருக்கு என்று காதருகே அய்யா கேட்டுக்கொண்டே இருந்தார்.

கர்ணம், கிராம முன்சீப் என்ற பரம்பரைப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே நாளில் ஒழித்தது. நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ‘கதவு’ கதையைப் படிக்கிற இன்றைய பிள்ளைக்குத் தலையாரி யார், அவன் ஏன் வீட்டுக்குள் நுழையலாம், சாவடி என்றால் என்ன என்று மூன்று விளக்கம் சொன்ன பிறகுதான் கதவுக்கு வர முடியும். போக வேண்டியது போகும்போது, அதை வைத்து எழுதிய கதைக்கும் கொஞ்சம் சேதாரம் உண்டு. வங்கிக்காரர்கள் தவணை கட்டாத டிராக்டரை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்த பிள்ளைக்கு ‘கதவு’ இன்றும் சட்டென்று விளங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுதி என்ன. ஒன்பதாம் வகுப்பு அரைப் பரீட்சைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பிள்ளைகள் அவ்வப்போது வராமல் இருப்பது வழக்கம்தான், நாங்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. அய்யா வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டு, நிறுத்தி, மேஜை இழுப்பறையைத் திறந்தார். நூலகத்துப் புத்தகம் ஒன்றை எடுத்து வெளியே வைத்தார். அவர் அவளுக்குப் படிக்கக் கொடுத்தது. வெள்ளிக்கிழமையே திருப்பிக் கொடுத்திருக்கிறாள். கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தது. கிழிந்திருந்த அட்டைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் நீலத்தாளில் புதிதாக உறை போட்டிருந்தாள்.

“படிச்சு முடிக்கலைன்னு வியாழக்கிழமைதானே சொன்னா” என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு மற்ற பெயர்களைக் கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார் என்று தெரிந்தது. அவளுடைய அப்பா ஆபீஸில் முன்பணம் வாங்கியிருந்தார். பிள்ளைகள் கட்டை அடுக்கித்தான் அதைக் கழிக்க வேண்டும். அய்யா என்ன பேசினாரோ, சில நாள் வந்தாள். மாசி மாதத்துக்குப் பிறகு வரவில்லை. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதைப் பற்றி ஊர் உலகமெல்லாம் பேசியதும், 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்ததும், வேன்கள் மெல்ல மெல்ல நின்றதும் அவளுக்கு உதவவில்லை. பிந்தி வந்த நியாயங்கள் அவை. எங்கள் வகுப்பில் கதையை எல்லோரையும்விட நன்றாகப் படித்தவள் பள்ளி இறுதித் தேர்வு எழுதவில்லை.

அய்யா ஓய்வு பெற்று, அவருடைய பெண் வீட்டோடு போய், அங்கேயே காலமானார். கிளை நூலகம் வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஓடு போய்க் கான்கிரீட் வந்திருக்கிறது. திரையில் படம் காட்டிப் பாடம் நடத்துகிற வசதியும் வந்திருக்கிறது. சந்தோஷம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய பாடப் புத்தகங்களில் இருக்கிற கதைகள் எங்கள் காலத்துத் துணைப்பாடத்தைவிட எவ்வளவோ மேல். துணைப்பாடத்துக்கு விரிவானம் என்று பெயர் மாறியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் கந்தர்வனின் ‘தண்ணீர்’ வைத்திருக்கிறார்கள். ரயிலில் தண்ணீர் பிடிக்க ஏறிய பெண் ரயிலோடு போய்விடுகிறாள், ஊரே தேடுகிறது, அவள் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தே திரும்பி வருகிறாள், குடத்தில் தண்ணீரோடு. அத்தனை தூரம் கனக்கக் கனக்க அந்தக் குடத்தை ஏன் சுமந்தாள், வழியில் ஊற்றிவிட்டு வெறுங்குடத்தோடு வந்திருக்கலாமே என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்த ஊரின் கதை முழுவதையும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பூமணி இருக்கிறார், எங்கள் கரிசல்காட்டு ஆள். அய்யாவுக்குக் கிடைத்திருந்தால் துள்ளியிருப்பார்.

கதை மாறிவிட்டது, கேள்வி மாறவில்லை. என் உறவுக்காரப் பையன் ஒருவன் தமிழாசிரியராக இருக்கிறான். நெடுவினாவுக்கு இன்னும் குறிப்புச் சட்டகம், முன்னுரை, முடிவுரைதான் என்கிறான். கதையைப் படிக்காமலேயே அந்த விடையை இன்றும் எழுதிவிடலாம், முழு மார்க்கும் வாங்கலாம். நோட்ஸ் புத்தகங்கள் முன்னைவிடத் தடிமனாகிவிட்டன. ஊகித்துப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு பீரியடில் ஒரு பக்கம்கூடத் தாண்டாது. பாடத்தை முடிக்கச் சொல்லி நெருக்குகிற பள்ளிக்கூடத்தில் அதற்கு இடம் ஒதுக்க ஆசிரியரால் மட்டும் முடியாது என்றும் சொல்கிறான். அவன் சொல்வது உண்மை. எங்கள் அய்யாவுக்கும் யாரும் இடம் ஒதுக்கிக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

2019இல் வந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தின் கடைசி இயலில், ஒன்பதாம் இயலில், கு. அழகிரிசாமியின் ‘ஒருவன் இருக்கிறான்’ இருக்கிறது. நோயாளியாக உறவினர் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டிருக்கிற குப்புசாமியை அண்டை வீட்டுக்காரர் ஒருவர் வேண்டாத ஆளாகப் பார்க்கிறார். கதையைச் சொல்வதும் அவர்தான். பிறகு நண்பன் ஒருவனிடமிருந்து குப்புசாமிக்கு ஒரு கடிதம் வருகிறது. கடைசி இயல் என்பதால் தேர்வு அவசரத்தில் இது பெரும்பாலும் ஓட்டமாகத்தான் ஓடும். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புத்தகத்தை வாங்கி, நோட்ஸைத் திறக்காமல் கூட உட்கார்ந்து வாசியுங்கள். அந்த அண்டை வீட்டுக்காரர் மனம் எந்த இடத்தில் மாறுகிறது என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொன்னால் ஏற்றுக்கொள்வதற்கு முன், வரியைக் காட்டச் சொல்லுங்கள்.